கோழிக்கூட்டில் தொடங்கிய தொழில்

சில வருடங்களுக்கு முன் பாண்டிருப்பில் ஒரு தாயின் வீட்டுக்கு விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுப்பதற்காகப் போயிருந்தேன். 1990ஆம் ஆண்டில் வீட்டை விட்டுப் போன அவருடைய கணவர் திரும்பி வரவேயில்லை. படிவத்துடன் கணவரின் புகைப்படம் ஒன்றையும் இணைக்க வேண்டியிருந்தது. அந்தத் தாய் அலுமாரியைத் திறந்து, சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்த படத்தை எடுத்துத் தந்தார்.

“கலியாணப் படம் இருந்த மகள். சுனாமியில எல்லாத்தையும் கடல் கொண்டு பெய்த்து. இது மீன்பிடிச் சங்கத்துக்குக் குடுத்திருந்த சின்னப் படம். அதை வாங்கி ஸ்ரூடியோவில குடுத்துப் பெரிசாக்கினது. இதில அவர் முறைச்சிக்கிட்டு இருக்கார். அவர் அப்படி ஆள் இல்ல. சிரிச்ச முகம்.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் சொன்னதே மனதில் நின்றது. ஆளை அடையாளம் காட்டுவதற்கு அந்தப் படம் போதும். ஆனால் அந்தத் தாயிடம் இருந்து பறிபோன மனிதர் அதில் இல்லை. ஒரு மனிதரை அவர் இருந்தபடியே படத்தில் கொண்டுவருவது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வேலையை உலகத்துக்குக் காட்டியவர்களுள் ஒருவர் ஒரு பெண். 48 வயதில் கமராவைக் கையில் எடுத்தவர். பிறந்தது கல்கத்தாவில், இறந்தது நமது இலங்கையில். மலையகத்தில் பொகவந்தலாவையில் உள்ள ஒரு தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டவர். அவர் பெயர் ஜூலியா மார்கரட் கமரன்.

பாடப்புத்தகத்தில் இல்லாத பெண்

கமரன் என்ற பெயர் நமக்குப் புதியதல்ல. பாடசாலையில் வரலாறு படித்த எல்லோரும் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தங்களை மனப்பாடம் செய்திருப்போம். 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது, 1833இல் சட்டநிரூபண சபை வந்தது, நாடு ஐந்து மாகாணங்களாக ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது என்றெல்லாம் பரீட்சைக்கு எழுதியிருப்போம். அந்த ஆணைக்குழுவில் வந்த சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவிதான் ஜூலியா. கணவரின் பெயர் இலங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிகிறது. மனைவி இந்நாட்டிலேயே வாழ்ந்து மறைந்தது நம்மில் அநேகருக்குத் தெரியாது.

ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரி. தாய் பிரெஞ்சு வம்சத்தைச் சேர்ந்தவர். வீட்டிலே பெண் பிள்ளைகள் பலர். சகோதரிகள் அழகுக்குப் பேர்போனவர்கள். ஜூலியாவை மட்டும் யாரும் அழகி என்று சொன்னதில்லை, கெட்டிக்காரி என்றே சொன்னார்கள். ‘கறுப்பி’, ‘குட்டை’, ‘பல்லி’ என்று பெயர் வைத்து வளர்க்கப்படும் நமது பெண் பிள்ளைகளுக்கு இதன் வலி தெரியும். பிற்காலத்தில் முகங்களைப் படம் பிடிப்பதிலேயே அவர் பெயர் எடுத்தார்.

நோய்வாய்ப்பட்டு உடல் தேறுவதற்காகத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் பின்னர் கணவரான சார்ள்ஸ் கமரன். அவரைவிட 20 வயது மூத்தவர். மற்றவர் ஜோன் ஹேர்ஷல் என்ற வானியல் அறிஞர். புகைப்படக்கலை தோன்றிய காலத்தில் அதற்குரிய இரசாயன முறைகளைக் கண்டறிந்தவர்களுள் ஹேர்ஷல் முக்கியமானவர். புதிய கலையைப் பற்றி அவர் ஜூலியாவுக்குக் கடிதம் எழுதினார், மாதிரிப் படங்களும் அனுப்பினார். ஜூலியா படங்களைப் பார்த்தாரே தவிர, கமராவைத் தொடுவதற்கு இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் சென்றது.

1838இல் கல்கத்தாவில் திருமணம் நடந்தது. ஒரு மகளும் ஐந்து ஆண் மக்களும் பிறந்தனர். 1848இல் குடும்பம் இங்கிலாந்துக்குச் சென்றது. சொந்தப் பிள்ளைகள் போதாதென்று, பெற்றோரை இழந்த உறவினர் பிள்ளைகளையும் வளர்த்தார். தெருவில் தாயுடன் பிச்சை கேட்டு நின்ற மேரி றையன் என்ற அயர்லாந்துச் சிறுமியையும் வீட்டுக்குக் கூட்டிவந்தார். இத்தனை பேருக்கும் உணவு, உடை, படிப்பு, காய்ச்சல், கலியாணம் என்று பார்த்தே அவரது இளமைக் காலம் கழிந்தது.

தனிமையில் வந்த கமரா

1860இல் அவர்கள் வைட் தீவில் பிரெஷ்வோட்டர் என்ற கடலோரக் கிராமத்தில் வீடு வாங்கினார்கள். அந்த வீட்டுக்கு வைத்த பெயர் ‘டிம்போலா’. இலங்கையில் அவர்களுக்கு இருந்த கோப்பித் தோட்டத்தின் பெயர் அது. குடும்பத்தின் வருமானம் அந்தத் தோட்டங்களை நம்பியே இருந்தது. கணவர் அடிக்கடி இலங்கைக்கு வந்து மாதக்கணக்கில் தங்குவார். ஆண் மக்களும் தோட்டப் பக்கம் போய்விடுவார்கள். மகள் கலியாணம் முடித்துப் போய்விட்டாள். நிறைந்திருந்த வீடு வெறுமையானது.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கமராவை வாங்கிப் பரிசாகக் கொடுத்தார்கள். அம்மாவின் தனிமைக்கு ஒரு பொழுதுபோக்காக இருக்கட்டும் என்பதுதான் அவர்களது எண்ணம். பிள்ளைகள் தாய்க்குக் கொடுத்த விளையாட்டுச் சாமான் தாயின் தொழிலாக மாறும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஜூலியாவுக்குத் தொழில் தெரியாது, கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை, ஸ்ரூடியோவும் இல்லை. நிலக்கரி போட்டு வைத்த கொட்டிலைத் துப்புரவாக்கி இருட்டறை ஆக்கினார். கண்ணாடி போட்ட கோழிக்கூட்டில் இருந்த கோழிகளை வெளியேற்றிவிட்டு, அதையே படம் பிடிக்கும் இடமாக்கினார். ஆரம்பத்தில் எடுத்த ஒரு படத்தைத் தெரியாமல் கையால் தேய்த்து அழித்தும் விட்டார். ஆனால் 1864 ஜனவரி இறுதியில் ஆனி என்ற அயல் சிறுமியை எடுத்த படம் சரியாக வந்தது. அதைத் தனது முதல் வெற்றி என்று படத்தின் கீழேயே, சிறுமியின் பெயருடன் எழுதி வைத்தார். சந்தோஷத்தில் அந்தச் சிறுமிக்குப் பரிசுகளும் கொடுத்தாராம்.

இன்று கைபேசியில் ஒரு விநாடியில் எடுக்கும் படத்துக்கு அன்று எவ்வளவு பாடு என்று சொல்ல வேண்டும். பெரிய கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைபோன்ற திரவத்தைச் சமமாக ஊற்ற வேண்டும். அதை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் கமராவில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். உடனே இருட்டறைக்கு ஓடி, படத்தைத் தோன்றச் செய்து, சயனைட்டு கலந்த நீரில் கழுவி, பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். கடைசியாக முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளைத் தகட்டின் கீழ் வைத்து வெயிலில் பிடித்தால்தான் படம் தாளில் இறங்கும். தூசி விழுந்தால், விரல் பட்டால், திரவம் ஓரிடத்தில் தடித்தால் எல்லாம் பாழ். வெள்ளி நைத்திரேற்றுப் பட்ட கைகள் கறுத்துப் போகும். ஜூலியாவின் கைகளும் உடுப்பும் எப்போதும் கறையாகவே இருந்தன. சயனைட்டைக் கையாளும் ஆபத்தைப் பற்றியும் அவர் கவலைப்பட்டார். ஆனாலும் விடவில்லை.

“படம் தெளிவில்லை” என்றார்கள்

அவரது படங்கள் அந்தக் காலத்து ஸ்ரூடியோப் படங்களைப் போன்றவை அல்ல. ஸ்ரூடியோக்களில் ஆட்களைத் தூணுக்குப் பக்கத்தில், திரைச்சீலைக்கு முன்னால் நிறுத்தி, தலை முதல் கால் வரை துல்லியமாக எடுப்பார்கள். ஜூலியா முகத்துக்குக் கிட்டப் போனார். ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் வெளிச்சம் விழவிட்டார். கமராவைக் கூர்மையாகக் குவிக்காமல், தனக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தினார். படங்கள் சற்று மங்கலாக, மூச்சு விடுவது போல இருந்தன.

புகைப்படச் சங்கத்தினர் அவரைக் கேலி செய்தனர். கமராவைச் சரியாகக் குவிக்கத் தெரியாத அம்மா என்றார்கள், தகட்டில் கீறல் இருக்கிறது, விரல் அடையாளம் இருக்கிறது என்று குறை பிடித்தார்கள். ஓவியர்கள் பாராட்டினார்கள். 1866இல் பேர்லின் கண்காட்சியில் தங்கப்பதக்கம் கிடைத்தது.

அவர் முன் உட்கார்ந்தவர்களுள் கவிஞர் டெனிசன், விஞ்ஞானி சார்ள்ஸ் டார்வின், எழுத்தாளர் தோமஸ் கார்லைல் ஆகியோர் உண்டு. பழைய நண்பர் ஹேர்ஷலை 1867இல் அவருடைய வீட்டுக்கே போய்ப் படம் எடுத்தார். முதியவரின் வெள்ளை முடியைக் கழுவிக் கலைத்துவிட்டுப் படம் பிடித்ததாகச் சொல்வார்கள். இருட்டில் இருந்து ஒளிவிட்டு எழும் அந்த முகத்தைப் பார்ப்பவருக்கு, வாழ்நாளெல்லாம் வானத்தைப் பார்த்திருந்த மனிதர் இவர் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பக்கத்தில் அவர் வீட்டு வேலைப் பெண்களைப் படம் பிடித்தார். மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண் எத்தனையோ படங்களில் அன்னை மரியாளாக அமர்ந்திருக்கிறார். முன்பு பிச்சை எடுத்த மேரி றையனின் படத்தைக் கண்காட்சியில் பார்த்த ஹென்றி கொட்டன் என்ற இளைஞர் அவரைத் தேடிவந்து 1867இல் மணம் முடித்தார். அந்த ஹென்றி கொட்டன்தான் 1904இல் இந்தியத் தேசிய காங்கிரசின் தலைவராக இருந்தவர்.

தொழிலாக்கிய துணிவு

நாம் கவனிக்க வேண்டிய முக்கியமான விடயம் இனித்தான் வருகிறது. ஜூலியா படம் எடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கவில்லை. 1864இலேயே தனது படங்களுக்குப் பதிப்புரிமை பதியத் தொடங்கினார். அடுத்த பதினொரு வருடங்களில் ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களைப் பதிந்தார். இலண்டனில் கொல்னாகி என்ற நிறுவனத்தின் மூலம் படங்களை விற்றார். தென் கென்சிங்டன் அரும்பொருளகம் 1865இல் அவரது படங்களை வாங்கியது. 1868இல் அங்கேயே இரண்டு அறைகளை அவருக்குப் படம்பிடிக்கும் இடமாகக் கொடுத்தது.

காரணம் வெளிப்படையானது. கோப்பித் தோட்ட வருமானம் குறைந்து கடன் ஏறியது. ஆண் மக்களின் படிப்புச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று அவர் கடிதங்களில் எழுதியிருக்கிறார். அவருடைய வட்டாரத்தில் கௌரவமான குடும்பத்துப் பெண் காசுக்கு வேலை செய்வது குறைவாகப் பார்க்கப்பட்டது. சட்டமும் பெண்ணுக்குச் சாதகமாக இருக்கவில்லை. இங்கிலாந்தில் மணமான பெண்ணின் உழைப்புப் பணம் அவளுடைய சொந்தப் பணம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது 1870இல்தான். அதற்கு முன் அது கணவனுடையது. இந்த நிலையில்தான் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் தன் படங்களின் கீழே தன் கையெழுத்தை இட்டு விற்றார்.

இதனால் அவர் பணக்காரி ஆனாரா? இல்லை. தகடும் இரசாயனமும் விலை கூடியவை. படங்களை விற்றதைவிட அன்பளிப்பாகக் கொடுத்தது அதிகம். 1869 அளவில் நல்ல தகடுகள் பலவற்றில் தேன்கூடு போல வெடிப்பு விழுந்து அழிந்தன. 1873இல் கமராவைத் தந்த அதே மகள் பிரசவத்தில் இறந்தாள். அதன் பின்னும் வேலையை நிறுத்தவில்லை. 1874இல் தன் தொழிலின் கதையை எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறாமலே நின்றது. அவர் எடுத்த படங்களில் ஏறத்தாழ 1,200 இன்றும் உள்ளன.

இலங்கைக்கு வந்த பின்

1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் காணப்பட்டது. சில வருடங்களில் அது தோட்டங்களைத் தின்று தீர்த்தது. இங்கிலாந்தில் செலவைத் தாங்க முடியாத கமரன் குடும்பம் 1875இல் இலங்கைக்கே வந்து சேர்ந்தது. வயதான இருவரும் தங்கள் சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுவந்தார்கள், அவற்றுக்குள் பாத்திரங்களை அடுக்கியிருந்தார்கள், காசு இல்லாதபடியால் சுமை தூக்கியவர்களுக்குப் புகைப்படங்களையே கொடுத்தார்கள் என்றெல்லாம் கதைகள் உண்டு.

இங்கே அவர் எடுத்த படங்களில் மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. வெக்கையில் கொலோடியன் விரைவாகக் காய்ந்துவிடும், நல்ல தண்ணீரும் இரசாயனமும் கிடைப்பது கடினம். 1877இல் ஓவியர் மரியான் நோர்த் களுத்துறையில் இவரது வீட்டில் வந்து தங்கினார். ஜூலியா அவரைப் பல தடவை படம் எடுத்தார். ஒரு மனிதரின் முதுகின் அழகு பிடித்துப்போய், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி ஜூலியா மகனிடம் பிடிவாதம் பிடித்ததாக நோர்த் எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் தோட்டமே இருக்கவில்லை.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. படங்களில் இருப்பவர்கள் நம் நாட்டவர்கள். தோட்டத் தொழிலாளரும் வீட்டு வேலையாட்களும் அவர்களுள் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மங்கலான வெளிச்சத்தில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்களின் கண்களில் அதே ஆழம் இருக்கிறது. டெனிசனுக்கு எடுத்த அதே கவனத்தை இவர்களுக்கும் அவர் எடுத்திருக்கிறார். ஆனால் டெனிசனின் படத்தில் டெனிசன் என்ற பெயர் இருக்கிறது. இவர்களின் படங்களில் பெயர் இல்லை. ‘இலங்கைப் பெண்’, ‘களுத்துறைக் கிராமத்தவர்’ என்றுதான் இருக்கிறது. 1878இல் எடுத்த ஒரு படத்தில் சிறுமிக்கு வயது 12, தந்தை என்று சொல்லும் கிழவருக்கு வயது நூறாம் என்று எழுதி வைத்திருக்கிறார். வயதைக் கேட்டவர் பெயரைக் கேட்டு எழுதவில்லை.

கோழிக்கூட்டில் எடுத்த முதல் வெற்றிப் படத்தில் ஆனியின் பெயர் இருந்ததை நினைத்துப் பாருங்கள். அதே கைதான் இங்கேயும் எழுதியது. அவர் கெட்டவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆளும் இனத்தைச் சேர்ந்த தோட்ட முதலாளியின் மனைவியின் கண்ணில், கூலிப் பெண்ணின் முகம் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. எவ்வளவு இளகிய மனமுடையவரையும் அதிகாரம் இப்படிப் பாதி குருடாக்கிவிடும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

1879 ஜனவரி 26ஆம் திகதி டிக்கோயாப் பகுதியில் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா காலமானார். அப்போது வயது 63. பொகவந்தலாவை பரிசுத்த மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த வருடம் கணவரும் இறந்து அவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான வேர்ஜினியா வுல்ப் இவருடைய சகோதரி மகளின் மகள். 1926இல் வுல்ப் இவரது படங்களை நூலாக வெளியிட்டபின், மறந்துபோன பெயர் மீண்டும் பேசப்பட்டது.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

வெள்ளைக்காரச் சீமாட்டியின் கதை நமக்கு எதற்கு என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். இரண்டு விடயங்களுக்காகச் சொன்னேன்.

முதலாவது, தொழில். கணவரை இழந்தபின், அல்லது கணவர் காணாமல் ஆக்கப்பட்டபின், “இந்த வயதில் நான் இனி என்ன படிக்கிற?” என்று கேட்கும் பெண்களை நான் வாரந்தோறும் சந்திக்கிறேன். வாழ்வாதாரம் என்றால் தையல் மெசினும் கோழிக்குஞ்சும்தான் என்று நாமும் பழகிவிட்டோம். படப்பிடிப்பும் ஒரு வாழ்வாதாரம்தான். கல்கத்தாவில் அன்னபூர்ணா தத்தா (1894 – 1976) என்ற பெண் வீடுகளுக்குப் போய்ப் பெண்களைப் படம் எடுத்து, தானே கழுவி அச்சிட்டுக் குடும்பத்துக்கு உழைத்தார். வேற்று ஆண்கள் முன் வராத பெண்கள் இவரிடம் படம் எடுத்துக்கொண்டார்கள். நமது கரையோரத்திலும் அதே தேவை இருக்கிறது. கல்முனை, மருதமுனைப் பக்கம் முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களில் பெண்கள் பகுதிக்குப் பெண் படப்பிடிப்பாளரைத் தேடுகிறார்கள். நமது வீடுகளில் சாமத்தியச் சடங்குக்கும் பெண் ஒருவர் வந்தால் பிள்ளைக்குக் கூச்சம் இராது. தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் நடுவறை வரைக்கும் போகக்கூடியவள் பெண்தான். ஜூலியாவின் கணக்கையும் மறக்க வேண்டாம். விற்றதைவிட அன்பளிப்பாகவே அவர் அதிகம் கொடுத்தார். எடுத்த படத்துக்கு நியாயமான கூலி கேட்பதில் வெட்கமில்லை.

இரண்டாவது, பெயர். 2017இல் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை என்று தாய்மார் படங்களை ஏந்தி வீதியோரம் உட்கார்ந்ததைப் பார்த்தோம். அவர்களுள் பலர் மகன் எங்கே என்ற பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். கையில் இருந்த படங்கள் மிஞ்சியிருக்கின்றன. பின்பக்கம் பெயர் எழுதாத படம் இன்னும் இரண்டு தலைமுறையில் ‘யாரோ ஒரு பெடியன்’ ஆகிவிடும். களுத்துறைச் சிறுமிக்கு நடந்தது நமது பிள்ளைகளுக்கும் நடக்கும்.

ஆகவே இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உள்ள படங்களை எடுங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் பெயர், பிறந்த வருடம், ஊர், எடுத்த காலம் ஆகியவற்றை மெதுவாக அழுத்தாமல் எழுதுங்கள். பேனை மை ஊறி முன்பக்கம் வரும். கைபேசியில் மட்டும் உள்ள முக்கியமான படங்களைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். ஒரு பிரதியைக் கடலுக்குத் தூரத்தில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் நாம் இழந்தவற்றுள் படங்களும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். வயதான தாய்மாரை இப்போதே, அவர்கள் இயல்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, சன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். மரணச் சடங்குக்கு அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கும் நிலை வரவேண்டாம்.

பாண்டிருப்புத் தாயின் வீட்டுக்கு நான் பிறகும் ஒரு தடவை போனேன். படத்தின் பின்னால் எழுதுவதற்கு விபரம் கேட்டேன். பெயரைச் சொன்னார், பிறந்த வருடத்தைச் சொன்னார், கடல் தொழில் என்று சொன்னார். நான் பென்சிலை வைக்கப் போகும்போது கையைப் பிடித்தார்.

“அதையும் எழுதுங்க மகள்.”

எழுதினேன்: ‘சிரித்த முகம் உள்ளவர்.’